சுவர் பார்த்த ஜாடி

ஜாடி விமானம் ஏறிப்போய் நாலு நாள் கழித்துத்தான் அந்தச் சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, அங்கன என்னமோ தெறிச்சுச்சு, பாரு" என்றார், வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவர்.

அலமாரியில் நான் செய்த சின்ன மண்கிண்ணத்தின் வயிற்றில் நகத்தளவு சில்லு பெயர்ந்திருந்தது. குழிக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு, தொட்டால் மாவாக உதிர்ந்தது. தென்கொரியாவில் பல நாட்டுக்காரர்கள் வைக்கும் சுடுமண் கலைக் கண்காட்சிக்கு நான் அனுப்பிய இடுப்புயர ஜாடியும் அதே மண், அதே சூளை.

தப்பு என்னுடையதுதான். கரைத்த களிமண்ணை மெல்லிய சல்லடையில் வடிகட்ட வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் எதை வடிகட்டினாலும் வலைத்துண்டுதான். நானும் கூனி இறால் பிடிக்கும் வலையில் வடித்துவிட்டேன். மண்ணிலிருந்த சிப்பித் துணுக்குகள் அதன் கண்ணில் தாராளமாக நுழைந்திருக்கின்றன. சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பு என்று இந்தக் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அது காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, மேல்மண்ணைப் பிய்த்துக்கொண்டு வரும். சுடுமண் கலையில் பட்டம் வாங்கிய எனக்கு மட்டும் மறந்துபோனது.

சொன்னால் ஜாடியை எடுத்துவிடுவார்கள். ஏழு வருஷம் விண்ணப்பித்துக் கிடைத்த இடம். சொல்லாவிட்டால், குனிந்து பார்க்கும் ஏதாவது குழந்தையின் கண்ணில் சில்லு தெறிக்குமோ? மாதாவே, மாதாவே என்று புலம்பினேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

கண்காட்சி தொடங்கியது. அங்கே பொறுப்பிலிருந்த பெண் தினமும் படம் அனுப்பினாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஜாடி முழுசாகத்தான் இருந்தது, அப்படியும் எனக்குப் பயம் போகவில்லை.

ஆறாம் நாள் காலை கிண்ணத்தில் இன்னொரு சில்லு போனது. சற்று நேரத்தில் வந்த படத்தில், ஒரு பள்ளிக்கூடமே ஜாடியின் முன்னால் முட்டிமோதி நின்றது.

"இதுக்கு மேல தாங்காதுங்க, சொல்லிப்புடுறேன்."

"சொல்லு புள்ள. போனா ஜாடிதான போவும்?"

'ஜாடிதான' என்றதற்கு அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு அவளுக்கு போன் போட்டேன். அரைகுறை ஆங்கிலத்தில் மண், வலை, சிப்பி எல்லாவற்றையும் கொட்டினேன். மறுமுனையில் அவள் அழ ஆரம்பித்தாள்.

பெட்டியைத் திறந்தபோதே ஜாடியில் மூன்று குழிகள் இருந்தனவாம். தான்தான் எங்கேயோ இடித்துவிட்டோம், வேலை போய்விடும் என்று பயந்து, அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாளாம். தினமும் படம் அனுப்பியது, நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று தெரிந்துகொள்ளத்தான்.

"அது இருக்கட்டும். முதலில் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்" என்றேன்.

போனைக் கையில் பிடித்தபடியே அவள் ஓடும் சத்தம் கேட்டது.