உப்பளத்துக்குள் கூவிய ரயில்

கண்ணுங்களா, உங்கள் ரெண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமே, அப்போது அலமாரி மேல் ஒரு போன் டர்ரென்று நடுங்கியது. மூன்று பேருமே எச்சில் கையோடு எழுந்தோம். மூன்றும் கறுப்பு போன், மூன்றும் சைலன்ட், மூன்றுக்கும் ஒரே நடுக்கம். "ரிங்டோன்லாம் இப்ப யாருப்பா வெக்கிறாங்க" என்று சின்னவன் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் அப்பன் சோறு தின்றதே ரிங்டோன் வைத்துக் கொடுத்துத்தான்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் செருப்புக் கடை வைத்திருந்தார். அதில் ஒரு ஓரம்தான் என் கடை. ஒரு மேசை, முதுகு பெருத்த மானிட்டர் ஒன்று, மெமரி கார்டில் பாட்டு ஏற்ற ஒரு கார்டு ரீடர். மானிட்டர் சூட்டில் தூசி கருகும் வாசனையும் புது ரப்பர் வாசனையும் கலந்தே இருக்கும். இப்போதும் பெரியவளுக்குச் செருப்பு வாங்கப் போனால் எனக்கு மெமரி கார்டு ஞாபகம்தான் வரும். படித்தது பத்தாவது. கம்ப்யூட்டரை யாரும் சொல்லித் தரவில்லை. எந்த பட்டனைப் பார்த்தாலும் அமுக்கிப் பார்க்கிற வியாதி இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

அப்படி அமுக்கியதில்தான் பாட்டு வெட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்று கிடைத்தது. பாட்டைத் திறந்தால் திரையில் படமாக விரிகிறது. மெல்லிசை என்றால் நெத்திலி முள் மாதிரி மெலிசாக ஓடும். குத்துப் பாட்டு என்றால் வேலி அடித்த மாதிரி. சத்தம் கண்ணுக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல எந்த எடத்துலப்பா அந்தப் பொண்ணு பாடுது?" என்றார்.

அஞ்சலை அக்கா அங்கேதான் வந்தது. உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. போன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பட்டன் இடுக்கெல்லாம் உப்புப் பூத்திருந்தது. உப்பளத்தில் போனை மடியில் வைத்துக்கொள்ள முடியாது. எல்லாருடைய போனையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, வரப்பில் நிற்கிற சைக்கிளில் மாட்டியிருப்பார்கள். எல்லாம் ஒரே கம்பெனி போன், ஒரே சத்தம். ஒன்று அடித்தால் அத்தனை பேரும் ஓட வேண்டும். மேஸ்திரி கத்துவார். அதனால் யாரும் ஓடுவதில்லை.

வானூரில் இருந்த அக்காவின் அண்ணன் சாகக் கிடந்தபோது அப்படித்தான் போன் அடித்திருக்கிறது. வேறு யாருக்கோ என்று அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. சாயந்திரம் போய்ச் சேர்ந்தபோது பிணத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது மகளுக்கு நிறைமாதம், ரெண்டாவது பிள்ளை. முதல் பிரசவத்திலேயே உயிர் போய் உயிர் வந்தது. புதுச்சேரியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். வலி எடுத்தால் மருமகன் போன் பண்ணுவான்.

"என் பொண்ணுக்குன்னு அடிச்சா, அது என் பொண்ணுக்குன்னு எனக்குத் தெரியணும். இன்னொரு தடவ அந்த மாதிரி ஆவக்கூடாதுப்பா" என்றது.

இதென்ன பிரமாதம் என்று, அக்காவுக்குப் பிடித்த ஒரு தாலாட்டு மெட்டை வெட்டி, மருமகன் நம்பருக்கு மட்டும் வைத்துக் கொடுத்தேன். கேட்டுவிட்டுக் கண் கலங்கிப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரெண்டு நாளில் திரும்பி வந்து போனை மேசையில் வைத்தது. மருமகன் சும்மா அடித்துப் பார்த்திருக்கிறான், பத்தடி தூரத்தில் ஒருத்திக்கும் கேட்கவில்லை. "நீ வெச்ச பாட்டு காத்துல கரஞ்சி போச்சி."

கடையில் ஃபேன் காற்றை மட்டும் வைத்து யோசித்திருக்கிறேன். உப்பளத்துக் காற்றையும் தண்ணீர் இறைக்கிற மோட்டாரையும் நினைக்கவே இல்லை.

மறுநாள் விதவிதமான சத்தங்களை ஏற்றிக்கொண்டு சைக்கிளில் நானே உப்பளத்துக்குப் போனேன். "ஏம்பா, கச்சேரி வெக்க வந்தியா, மைக் செட்டு எங்க?" என்று ஆரம்பித்தார்கள். மணிச் சத்தம் வைத்தேன். ஐஸ் வண்டி என்றார்கள். ஹாரன் வைத்தேன், உப்பு லாரி வருகிறது என்று ஒதுங்கினார்கள். குழந்தை அழுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனால் கைப்பிள்ளையை வீட்டில் விட்டு வந்திருந்த ஒரு பெண் வாருபலகையைப் போட்டுவிட்டு, "அத மொதல்ல நிறுத்துண்ணா, எனக்கு மாரு கட்டுது" என்றாள். சட்டென்று நிறுத்தினேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

நான் மண்டையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு அம்மா கிண்டலாகச் சொன்னது. "ரயில வுடேன். நம்மூருக்குத்தான் அது ஒண்ணு வரவே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடையாளம் என்றால் அழகாக இருக்க வேண்டும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அந்த இடத்தில் வேறெதுவும் அப்படிக் கத்தக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

கடைக்கு வந்து இணையத்தில் தேடி, ஆமை வேகத்தில் ஒரு ரயில் சத்தத்தை இறக்கினேன். எந்த நாட்டு ரயிலோ தெரியாது. திரையில் விரித்தால் முள்ளும் இல்லை, வேலியும் இல்லை, செங்கல் வைத்துக் கட்டிய சுவர். மருமகன் நம்பருக்கு அதை வைத்துக் கொடுத்துவிட்டு, மேஸ்திரியிடமும் போய்ச் சொன்னேன். யோசித்துவிட்டு, "ரயிலு கூவுனா மட்டும் போவட்டும். வேற எதுக்கும் நிமிரக் கூடாது" என்றார்.

மருமகனிடமும் விளையாட்டுக்கு அடிக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. ஒரு வாரம் ரயில் வரவில்லை. நான் கடையில் உட்கார்ந்து அந்த போனின் பேட்டரியை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். வெயில் ஏறுகிற நேரம் அந்தப் பை கூவியிருக்கிறது. அக்கா நிமிர்வதற்கு முன்னால் மற்றவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். "அஞ்சலக்கா, ஒன் ரயிலு" என்று வரப்புக்கு வரப்பு குரல். உப்புக் கையோடு பேசியிருக்கிறது. மேஸ்திரியே வண்டியை உதைத்து பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் அக்கா கையைப் பிடித்துவிட்டது. "என் கை உப்பு அவ கையில ஒட்டிக்கிச்சு தம்பி" என்றது. பெண் குழந்தை. ரெண்டு உயிரும் நலம்.

அதைச் சொல்ல மட்டும் வரவில்லை. "ரயில எறக்கிடுப்பா. மாப்ள சாப்டியான்னு கேக்க அடிச்சாலும் வாருபலகயப் போட்டுட்டு ஓடுறேன்" என்றது. பழைய தாலாட்டையே வைக்கச் சொன்னது. காற்றில் கேட்காதே அக்கா என்றேன். "கேக்கலன்னா போவுது. இனிமே என்னா அவசரம்."

இப்போது அந்த ஓரத்தில் பாயின் மகன் பள்ளிக்கூட ஷூ அடுக்கியிருக்கிறான். மெமரி கார்டு கேட்டு யாரும் வருவதில்லை. வெட்டி வைத்த சத்தங்கள் இருந்த கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஒரு சத்தத்தைக் கேட்டவுடன் இன்னாருக்கு இன்ன சேதி என்று ஒரு உப்பளமே தெரிந்து வைத்திருந்த காலமும் போய்விட்டது.

அக்கா வந்துபோன அந்த வாரக் கடைசியில் நான் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். நம் நாட்டு ரயில் எப்படிக் கூவும் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும், அதற்காக மட்டும். ரயில் வந்தது. நான் வைத்ததைவிடத் தடித்த குரல். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். நான் மட்டும் எழுந்து நின்று, யாருக்குச் சேதி, யார் ஓடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.