கண்ணாடி போட்ட அன்னம்

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் வரைவது என் வேலை. மத்தியானச் சோறு உள்ளே போனால் கை தானாகக் கிறுக்க ஆரம்பித்துவிடும். ஒருநாள் முகூர்த்தச் சேலைக்கான கிராஃப் தாளில், பார்டர் அன்னத்துக்கு என்னுடைய சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அழிக்க மறந்தேன். தாளைப் பார்த்துத் தறிக்கு அட்டையில் ஓட்டை அடிப்பவர் கட்டம் தவறாமல் அப்படியே அடித்துவிட்டார். நெய்தவரும் புது ஃபேஷன் என்று நினைத்தாராம். சேலை வந்தபோது, பார்டர் முழுக்க ஜரிகை அன்னங்கள் கண்ணாடி வழியாக என்னை முறைத்தன.

"ஏன்யா, கண்ணு தெரியலன்னு அன்னம் உங்கிட்ட அழுதுக்கினு வந்துச்சா? பார்ட்டி இத வாங்கலன்னா நாளையிலேர்ந்து நீ வராத!" என்று முதலாளி கத்தினார்.

சாயந்திரம் கல்யாணப் பெண் வந்தாள். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதான்மா எனக்கு வேணும்" என்று அம்மாவிடம் அடம்பிடித்தாள். வேலை தப்பியது என்று நான் மூச்சு விடுவதற்குள் முதலாளி, "நானே யோசிச்சுப் போடச் சொன்னதும்மா" என்றாரே பார்க்கலாம்! திட்டு எனக்கு, பாராட்டு அவருக்கா? என்ன நியாயம் இது?

இப்போதெல்லாம் என் கிறுக்கலை டீக்கடைக் காகிதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். "புதுசா எதனா கிறுக்கேன்பா" என்று முதலாளி குழைந்தால், பழைய மாங்காய் டிசைனையே சிரத்தையாக வரைந்து நீட்டுகிறேன்.