ஊருணிக்கு மேலே ஒரு வற்றல் களம்

1943ஆம் ஆண்டுக் கோடையில், மல்லாங்கிணற்றுக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் விருதுநகர்க்காரரான வெள்ளத்துரை என்பவர் வற்றல் களம் ஒன்றைத் தொடங்கினார். பட்டாளத்துக்குக் காய்கறி வற்றல் அனுப்பும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்திருந்தது. கிணற்றுத் தோட்டங்களிலிருந்து கத்தரியும் கொத்தவரையும் வண்டிகளில் வந்தன. காயை அரிந்து, உப்பு நீரில் அவித்து, பாயில் பரப்பி உலர்த்துவது வேலை. அவ்வேலைக்குச் சென்றவர்களுள் ஒருத்தி ஒச்சம்மாள். கணவனை இழந்தவள், களத்தை ஒட்டிய ஒரு துண்டுக் கரிசல் நிலமே அவளுடைய சொத்து.

காம்பும் சொத்தைக் காயும் அவித்த நீரும் பக்கத்திலிருந்த வரத்துக்காலில் கொட்டப்பட்டன. அந்தக் கால்வாய் வழியாகத்தான் மழைநீர் குடிநீர் ஊருணிக்கு வரும். ஊருணிக் கரையில் செருப்புக் காலோடு எவரும் ஏறுவதில்லை. ஆயினும் கோடையில் வறண்டு கிடந்த கால்வாயை ஊருணியின் பகுதியாக ஒருவரும் எண்ணவில்லை. ஆவணி பிறந்ததும் அழுகல் நாற்றம் தெருவரை எட்டியது. ஒச்சம்மாளுக்கு அச்சம் பிடித்துக்கொண்டது.

“மொதலாளி, ஐப்பசித் தண்ணிய ஊரு எப்படிக் குடிக்கும்?”

“ஏத்தா, மொதல்ல மழை பெய்யட்டும். இப்ப அடுப்பு அணையுது, அதப் பாரு.”

“நீங்க விருதுநகர்ல போயிக் குடிப்பீக. நாங்க இங்கனதான குடிக்கணும்?”

அரிந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். வெள்ளத்துரைக்கு முகம் சிவந்தது. “அப்ப நீயே அள்ளிக்கிட்டுப் போ. வேணாம்னு யாரு சொன்னா?”

அவள் அள்ளினாள். எந்தக் குப்பையும் மட்கினால் உரம் என்பது மானாவாரிக் குடியானவர்களின் நம்பிக்கை. கால்வாய்க் கழிவு முழுவதையும் தன் நிலத்தின் வடமூலையில் பரப்பினாள். அவித்த நீரையும் நாள்தோறும் அங்கேயே ஊற்றினாள். புரட்டாசித் தூறலுக்குக் கம்பு விதைத்தாள். மற்ற இடமெல்லாம் பயிர் முளைத்தது. வடமூலையில் உப்புப் பூத்தது.

“ஏ மதினி, உப்பளம் போட்டுட்டியா? தூத்துக்குடிக்காரன் சண்டைக்கு வந்துருவான்!” என்றாள் உடன் வேலை செய்த மாயக்காள்.

“சிரிடி, சிரி. அண்டாவுல உப்ப அள்ளிப் போட்டது நீதான?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. உப்பு சேர்வது அண்டாவில். அரிந்து எறியும் காம்பில் அது கிடையாது. மறுநாள் அரிவாள்மணைகளை அடுப்படியிலிருந்து எடுத்து வேப்பமரத்தடியில் போட்டாள். உப்புப் படாத காம்பும் தோலும் ஆடுகளுக்கும் குப்பைக்குழிக்கும் போயின. அவித்த நீரைக் கொட்டாமல் அடுத்த ஈடு காயை அவிக்கவும் வைத்துக்கொண்டார்கள். அது மிகவும் கறுத்தபின் அகன்ற தட்டுகளில் வெயிலில் காயவைத்து, படிந்த உப்பை மீண்டும் அண்டாவில் இட்டார்கள். உப்புச் செலவு குறைந்ததால் வெள்ளத்துரை தடுக்கவில்லை. கெட்டுப்போன வடமூலையின் உப்பு கால்வாயில் இறங்காதபடி ஒச்சம்மாள் சுற்றிலும் வரப்பை உயர்த்தினாள்.

ஐப்பசியில் வரத்துக்கால் நிரம்பி ஓடியது. ஊருணியில் கலங்கல் தெளிந்ததும் ஒரு குடம் மொண்டு களத்துக்கே கொண்டுபோய், வெள்ளத்துரையிடம் செம்பை நீட்டினாள்.

“நாத்தம் இருக்கா, சொல்லுங்க.”

அவர் குடித்து முடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். “மண்ணு வாடதான் இருக்கு.”

போர் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது, களத்தை மூடினார்கள். வடமூலையில் பின்னரும் பயிர் ஏறவில்லை. ஒச்சம்மாள் அதைக் கெட்டிப்படுத்திச் சாணமிட்டு மெழுகினாள். புல் பூண்டு முளைக்காத தரை, வற்றல் உலர்த்த வசதியாயிற்று. அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் அவளுடைய கொத்தவரை வற்றலுக்கு நல்ல பெயர் இருந்தது. வரப்பை மட்டும் ஆண்டுதோறும் மழைக்கு முன் மண் அணைத்து உயர்த்திக்கொண்டே இருந்தாள்.