பத்தனையில் அள்ளிய பிடிமண்

எங்கள் குடும்பத்தில் நினைவுகளுக்கு வளரும் இயல்பு உண்டு. சிறுவயதில் நான் காய்ச்சலில் படுத்திருந்த செய்தி, பெரியம்மா சொல்லிச் சொல்லி, நான் இறந்து பிழைத்த வரலாறாக முடிந்தது. ஆகையால் இதனை எழுதத் துணிந்தபோது எனக்கு நானே ஒரு வரையறை செய்துகொண்டேன். என் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே இங்கே இடம்பெறும். பிறர் வாய்ச் செய்தியாயின், இருவர் தனித்தனியே ஒன்றுபோலச் சொல்லியிருக்க வேண்டும். மண்ணைப் பற்றியவற்றை, வளர்ந்தபின் அவ்விடத்துக்கு மீண்டும் சென்று அள்ளிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். மனிதரைப் பற்றியவற்றை அவ்வாறு அள்ளிப் பார்க்க வழியில்லை.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் மலைகளில் ஒன்றில் எங்கள் தோட்டம் இருந்தது. அம்மலைக்கு இரண்டு முகங்கள். ஒரு முகத்தில் தேயிலை. மண் செம்மையாய், குழைவாய், எந்நேரமும் ஈரமாய்க் கிடக்கும். மறுமுகத்தில் மரமற்ற புல்மேடு. அதனைப் பத்தனை என்பார்கள். தென்மேற்குக் காற்று தன் மழையையெல்லாம் வேறெங்கோ கொட்டிவிட்டு வெறுங்கையோடு அங்கே வந்து சேரும். மானாப்புல்லின் தூர்களுக்கு இடையே மண்ணைவிடச் சரளையே மிகுதி. சரளைக் கற்களின் அடிப்புறத்தில் வெள்ளைப் பூச்சொன்று படிந்திருக்கும். வற்றிய ஓடைக்கரையில் அது திரண்டு, நகத்தால் சுரண்டினால் மாவாய் உதிரும் வெண்கட்டிகளாகக் கிடக்கும். தோட்டத்து மாடுகளை மேய்ப்பது அப்பாவின் வேலை. மாடுகள் புல்லை விட்டுவிட்டு அந்தக் கரையை நக்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே மேய்ந்த பசுவின் கன்று விழுந்தவுடன் எழுந்து நிற்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அம்மா அந்த மேட்டை மிதித்ததே இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கொழுந்து மலைக்கும், கொழுந்து மலையிலிருந்து லயத்துக்குமே அவர் கால்கள் வழி அறிந்திருந்தன.

அம்மா பிறந்தது கடலுக்கு அப்பால், இராமநாதபுரத்துச் சீமையில், வானம் பார்த்த சுக்கான் நிலத்தில். சுக்கான் என்பது மண்ணுக்குள் விளையும் சுண்ணாம்புக் கல். அவர்களுடைய குலசாமி நிற்கும் திடல் முழுதும் அக்கல்தான். எலுமிச்சம்பழத்தை அறுத்து அம்மண்ணில் பிழிந்தால் சிறு நுரை பொங்கிச் சீறும். சாமி பேசுகிறது என்பார்கள். சாமி பேசிய பிறகே பிள்ளைக்கு முதல்முடி இறக்குவார்கள். பிழைக்கப் போன இடத்தில் அச்சாமியை வைக்க விரும்புவோர், திடலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துச் சென்று புதிய இடத்தில் இட்டுக் கல் நாட்டுவார்கள். தோட்டத்துக்கு வந்த புதிதில் அம்மா லயத்து வாசலில் ஒரு பழத்தைப் பிழிந்து பார்த்ததாக அப்பாவும் அடுத்த வீட்டு அத்தையும் தனித்தனியே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தேயிலை மண் வாய் திறக்கவில்லை. “ஊமை மண்ணு” என்று சொல்லிவிட்டு அம்மா கையைக் கழுவிக்கொண்டாராம்.

என் தம்பிக்கு முடி இறக்கும் காலம் வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்தே இறக்க வேண்டும் என்பதால் ஊரிலிருந்து மாமாவை வரச் சொல்லியிருந்தார்கள். பிடிமண்ணும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மண் வராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமாவோடு தானே ஊருக்குப் போய்விடுவதாக அம்மா அறிவித்திருந்தார். இவ்வளவோடு நின்றிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். குழாயடியில் அம்மா அடுத்த வீட்டு அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது.

“போனா போனதுதான். இந்தக் குளிருக்கு யாரு திரும்பி வருவா?”

“பெரியவள என்னா செய்வ?”

“அவ அப்பன்கூட இருக்கட்டும். பெரட்டுல பேர் குடுக்குற வயசு வந்திருச்சுல்ல.”

பெரட்டு என்பது விடியலில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம். அன்று முதல், பிடிமண் வரவேண்டும் என்று என்னைப்போல வேண்டிக்கொண்டவர் அத்தோட்டத்தில் வேறு எவரும் இருந்திருக்க முடியாது.

மாமா வந்த நண்பகலில் நான் பத்தனையில் இருந்தேன். அப்பாவுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். பண்டாரவளைப் பாதையில் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் இறங்கி வந்தார். எங்களைக் கண்டதும் சிரிக்காமல் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

“மச்சான், ஒரு தப்பு நடந்து போச்சு. மண்ணை மஞ்சத்துணியில முடிஞ்சு ரயில்ல கொக்கியில மாட்டுனேன். எறங்குறப்ப கருப்பட்டிய எடுத்தேன். சாமிய விட்டுட்டேன்.”

அப்பா மாடுகள் பக்கம் திரும்பினார். பிறகு, “கருப்பட்டி பத்திரமா இருக்குல்ல?” என்றார்.

“கேலி பண்ணாதிய. அக்கா மொகத்துல எப்படி முழிப்பேன்?”

அப்படிச் சொல்லிக்கொண்டே காலடியை நோக்கியவர் பேச்சை நிறுத்தினார். ஒரு கல்லைப் புரட்டினார். வெண்கட்டி ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். மாடுகளுக்கு அடுத்தபடியாக அக்கரையை நக்கியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவரே.

“மச்சான், இது எங்க ஊரு மண்ணாச்சே!”

“மாட்டு மேடு மாப்ள.”

“சத்தியமாச் சொல்றேன், சுக்கான்! இதுல ஒரு பிடி அள்ளிட்டா யாரு கண்டா?”

“சாமிக்குத் தெரியாதா?”

“சாமிக்குத் தெரிஞ்சா பரவாயில்ல. அக்காவுக்குத் தெரியக் கூடாது.”

அப்பா மறுத்தும் பேசவில்லை; உடன்படவும் இல்லை. ஒரு மாட்டை அதட்டச் சற்றுத் தள்ளிப் போனார். அந்த மாடு அப்போது ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதை நான் பதிவு செய்ய வேண்டும். மாமா கற்களுக்கு அடியில் ஈரம் காத்திருந்த மண்ணை அள்ளினார். நான் ஓடையோரம் சென்று நன்கு வெளுத்த கட்டிகளாகப் பொறுக்கி வந்து கொடுத்தேன். அவற்றை அவர் பாறைமேல் வைத்துப் பொடித்துக் கலந்தார்.

“மருமகளே, வாயத் தொறந்தே, எம்மகனுக்கே உன்னக் கட்டி வச்சிருவேன். அவனுக்கு இன்னும் மூக்கு ஒழுகுது.”

மறுநாள் பிற்பகலில், லயத்துக்கு மேலே ஆலமரம் என்று எல்லாரும் பிடிவாதமாக அழைத்துவந்த ஏதோ ஒரு காட்டு மரத்தடியில் இடம் கூட்டிக் கல் நாட்டினார்கள். அம்மா துணி முடிச்சை அவிழ்த்தார். மண்ணை உள்ளங்கையில் ஏந்தி முகத்தருகே கொண்டு போனார். மானாப்புல்லின் வேர் ஒன்று அதில் இழையாய்க் கிடந்ததை நான் கண்டேன். அப்புல்லின் வேரும் மணக்கும். அந்த மணம் இந்த மலைகளுக்கே உரியது. அம்மா நெடுநேரம் முகர்ந்தார்.

“ஊருல மழை பேஞ்சுச்சாடா?”

“ஒரு பொட்டு இல்லக்கா.”

“மண்ணு ஈரமா இருக்கே.”

“கடக் காத்துக்கா. கப்பல்ல வந்துச்சுல்ல.”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவர் குனிந்து கல்லின் அடியில் மண்ணை இட்டார். பழத்தை அறுத்துப் பிழிந்தார். முதலில் ஒன்றும் நிகழவில்லை. அடுத்து, மண்ணுக்குள்ளிருந்து எவரோ உதடு பிரித்தாற்போல் ஒரு நுண்ணொலி எழுந்தது. வெண்ணுரை விளிம்பு கட்டிப் பொங்கியது. அத்தை குலவையிட்டார். கூட இருந்த பெண்கள் எல்லாரும் இட்டார்கள். மாமா எல்லாருக்கும் முன்பாக விழுந்து கும்பிட்டார். அவர் அன்று உண்மையாகவே நடுங்கினார். அம்மா அழுதார். அது மகிழ்ச்சிக் கண்ணீர் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர் இனிப் போகமாட்டார். எனக்கு வேண்டியது அவ்வளவே.

தம்பி மாமன் மடியில் வீறிட்டு அழ, முடி இறங்கியது. இறக்கிய முடியை முந்தானையில் ஏந்திய அம்மா அதை லயத்தருகே நீர் ஓடும் ஓடையில் விட்டார். எல்லாரும் பார்க்க விட்டார்.

சில நாள் கழித்து மாமா புறப்பட்டார். வழிக்குக் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடு, கைக்குள் அடங்கும் சிறு துணி முடிச்சு ஒன்றையும் அம்மா அவரிடம் நீட்டினார். தோட்டத்துத் தேயிலைத் தூள் கொஞ்சம் கொடுத்தனுப்புகிறார் என்று எண்ணினேன். முடிச்சின் ஓரத்தில் மெல்லிய மயிர் இழைகள் வெளியே நீண்டிருந்தன.

“திடல்ல போயி சாமி காலடியில போட்டுரு,” என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை. “யாருட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத.”

மாமா முடிச்சை மடியில் செருகிக்கொண்டு, திரும்பிப் பாராமல் பாதை ஏறினார். சாமி இங்கேயே வந்துவிட்ட பிறகு அங்கே எதற்கு முடி என்று கேட்கும் அறிவு எனக்கு அன்று இல்லை. தம்பியின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, அம்மா இருக்கிறார் என்ற நிறைவில் நின்றிருந்தேன்.

அதன்பின் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் வேலையை, ஓய்வு நாள்களில், அம்மா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதுவரை மிதித்திராத பத்தனைச் சரளையில் வெறுங்காலோடு ஏறிப் போவார். பொழுது சாயத்தான் திரும்புவார். என் மீதுள்ள இரக்கத்தால் அவ்வாறு செய்கிறார் என்று நெடுங்காலம் நம்பினேன்.

அவர் மீண்டும் கடல் கடக்கவில்லை. மாமாவும் மறுபடி வரவில்லை. அன்று மரத்தடியில் அம்மா எந்நொடியில் உண்மையை அறிந்தார் என்பது எனக்குத் தெரியாது. அறிந்தபின்னும் ஏன் பழத்தைப் பிழிந்தார் என்பதும் தெரியாது. தம்பியின் முடி அந்தத் திடலை அடைந்ததா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியவில்லை.