பாய் போட்ட சிவப்பு வட்டம்

போன வாரம் ஒரு காலை, நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு வாய் மரத்துப்போகக் காத்திருந்தேன். பூந்தமல்லியிலிருந்து போன். பல் லேப் நடத்திய பஷீர் பாயின் மகன். "அத்தா மௌத்தாயிட்டாரு, டாக்டரம்மா" என்றான். விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து இறந்துவிட்டாராம். நான் வாயெடுப்பதற்குள் இன்னொன்றும் கேட்டான். குளிப்பாட்டப் போகிறார்கள், கீழே பல்செட் இருக்கிறது, கழற்ற வரவில்லை, வலுவாக இழுக்கக் கூடாது என்கிறார்கள், என்ன செய்வது? அந்தச் செட்டைச் செய்தவர் பாயேதான். அது உட்காரப் பற்களைத் தயார் செய்தவள் நான்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் உங்களில் பலருக்கும் பாய் ஒரு முறையாவது, பல் அச்சில் வார்த்த மாடலைத் திருப்பி அனுப்பியிருப்பார். மேனாம்பேட்டில் நான் கிளினிக் திறந்த புதிதில் எனக்கும் நடந்தது. கழற்றி மாட்டும் செட் என்றால், பக்கத்திலிருக்கும் நல்ல பல்லின் தலையில் சின்னதாக ஒரு குழி எடுக்க வேண்டும். செட்டின் கம்பி அதில் உட்கார்ந்து பாரத்தைப் பல்லில் இறக்கும். நல்ல பல்லைத் தேய்க்க மனசு வராமல், அப்படியே அச்செடுத்து அனுப்பிவிட்டேன். மாடலோடு ஸ்கூட்டரில் அவரே வந்து நின்றார்.

"இன்னா டாக்டரம்மா, எடமே காணோம். கம்பி எங்க போய்க் குந்தும்?"

எனக்குச் சுருக்கென்றது. படித்தது நானா நீங்களா என்று கேட்காத குறைதான். சொன்னதைச் செய்யுங்கள் என்றேன். செய்து கொடுத்தார்.

மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டும் ஒருவருக்கான செட் அது. இரண்டே வாரத்தில் ஈறெல்லாம் புண்ணாகி வந்து கத்தினார். செட் அமுங்கி ஈறில் புதைந்திருந்தது. அந்த நேரம் அங்கிருந்த பாய், லேபில் நடந்த தப்பு, வேறு செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் போனபின் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்கவே விடவில்லை. "பல்லு மேல பாவம் பாத்தா ஈறுதான் அழுவும், டாக்டரம்மா" என்றார், அவ்வளவுதான். அந்த லேத்காரரிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன், தப்பு என்னுடையது.

இரண்டு வருடத்துக்கு முன் பாய்க்கே கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் போயின. நேராக என் நாற்காலியில் வந்து படுத்தார். எத்தனையோ பேருக்குச் செய்த வேலை, ஆனால் அவர் வாயில் கை ஓடவில்லை. மேலோட்டமாகத் தேய்த்து அச்செடுத்துக் கொடுத்தேன். மறுநாளே மாடல் திரும்பி வந்தது, ஆழம் போதாத குழியைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டத்தோடு. தன் வாயையே திருப்பி அனுப்பிய மனிதர்!

"என்னுதுன்னு பயந்துகினீங்களா?" என்று சிரித்தபடி மறுபடி படுத்தார். இந்த முறை ஒழுங்காகக் குடைந்தேன். பல்லின் பக்கங்களையும் நேராக்கினேன், செட் ஒரே வழியில் ஏறி அதே வழியில் கழன்றுவரும்படி.

அந்த வழியைத்தான் மகனுக்குப் போனில் சொன்னேன்.

"ரெண்டு பக்கக் கம்பிக் கொக்கிக்கும் அடியில நகத்தை வைப்பா. ஒண்ணா, நேரா மேல தூக்கு. சாய்க்காத."

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. யாரோ மெதுவாக ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துடுச்சு" என்றான். பிறகு குரல் உடைந்து, "அத்தாவுக்கு வலிச்சிருக்காதுல்ல?" என்றான்.

வலித்திருக்காது என்றேன். போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். நாற்காலியிலிருந்தவர் மரத்த வாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாகச் செய்த இரண்டாவது மாடல் லேபில் இருக்கிறது. பாய் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிய, அவர் வாயின் முதல் மாடல் என்னிடம் இருக்கிறது. இன்று காலை ஓர் அம்மாவின் பல்லில் குழி எடுக்கும்போது, போதும் என்று கை நின்றது. மேசை மேலிருந்த அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் குடைந்தேன்.