மலர்க்கொடியிடம் நாயகி கேட்டது

ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் மலர்க்கொடியைத் தெரியாதவர்கள் குறைவு. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். கல்யாணத்துக்கு முன்பு மண்ணச்சநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றவள். படியேறி வருகிறவள் முகத்தைப் பார்த்தே, அந்தம்மா வாய் திறப்பதற்குள் இரண்டு புடவையை எடுத்து விரித்துவிடுவாள். அதில் ஒன்று எப்படியும் பில்லுக்குப் போய்விடும். "மலருக்கு ஜோசியம் தெரியும்யா" என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். அவளுக்கும் அதில் தலைகால் தெரியாத பெருமை.

ராஜகோபுரம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் சரவணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ரங்கநாயகி பிறந்தாள். மூளை முடக்குவாதம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. புத்திக்கு ஒரு குறையுமில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரியும். மலர்க்கொடி ஒரு நாள் அழுதாள், மறுநாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜவுளிக்கடைத் திறமை முழுவதையும் அந்தப் பிள்ளை மேல் இறக்கினாள். தாகம் எடுப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும், பசிப்பதற்குள் சோறு வந்துவிடும், வியர்ப்பதற்குள் ஃபேன் சுற்றும். பிள்ளைக்கு எட்டு வயதான பிறகும் பாலாடையில்தான் பால் ஊட்டினாள்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சொல்வாங்க. எம் பொண்ணு அழாமலே குடிப்பா" என்று தெருக்குழாயடியில் மார்தட்டிக்கொள்வாள். யாரும் மறுத்துப் பேசியதில்லை. பேசிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அப்போதுதான் லின்சி வந்தாள். பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்து சொல்லிக்கொடுக்க அரசாங்கம் அனுப்புகிற சிறப்பாசிரியை. பாலக்கரைப் பெண், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காவிரிப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வருவாள். முதல் மாதம் மலர்க்கொடி டிகிரி காபி போட்டுக் கொடுத்தாள். அடுத்த மாதம் காபியில் சர்க்கரை குறைந்தது. அதற்கடுத்த மாதம் காபியே இல்லை.

என்ன நடந்தது என்றால், தெருமுனையில் ஸ்கூட்டி சத்தம் கேட்டதுமே நாயகி நாற்காலியில் துள்ள ஆரம்பித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை மலர்க்கொடி பார்த்ததே இல்லை. அதோடு போயிற்றா? லின்சி ஒரு வாழைப்பழத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே சும்மா உட்கார்ந்திருப்பாள், கொடுக்க மாட்டாள். பிள்ளை வாயைத் திறக்கும், முனகும், அப்போதும் கொடுக்க மாட்டாள். கல்நெஞ்சக்காரி என்று மலர்க்கொடி அடுப்படியிலிருந்து பல்லைக் கடிப்பாள். கடைசியில் ஒருநாள் நாயகி மடங்கிய கையை மெல்ல மெல்ல நீட்டி, லின்சியின் உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினாள்.

"கேட்டுட்டா பாருங்கக்கா! அவளாவே கேட்டுட்டா!" என்று லின்சி கத்தினாள்.

மலர்க்கொடிக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வயிறு பற்றி எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி நெக்லஸைப் பார்த்து வருகிற பொறாமை ஒரு வாரத்தில் ஆறிவிடும். இது ஆறுகிற ஜாதி இல்லை.

சாயங்காலம் சரவணன் வந்ததும் பிடித்துக்கொண்டாள். "தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சவ நானு. ஒரு மணி நேரம் வந்து பல்லக் காட்டிட்டுப் போறவகிட்டக் கேக்குறா. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"விடு மலரு. அந்தப் பொண்ணு நம்ம புள்ளைக்கு நல்லதுதான பண்ணுது."

"உங்களுக்கென்னங்க, சவாரி கெடைச்சாப் போதும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எங்கிட்ட அப்படிக் கேட்டுட்டான்னா நான் வாய மூடிக்கிறேன்."

மறுநாளே ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கினாள். லின்சியைப் போலவே எதிரே சம்மணம் போட்டு, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாயகி வழக்கம்போல் வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், அம்மாக்காரிக்குக் கை நிற்கவில்லை, பழம் உள்ளே போய்விட்டது. லின்சி பாடுகிற பாட்டைப் பாடிப் பார்த்தாள். லின்சியைப் போல இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டும் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று சரவணன் வாய் தவறிக் கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டான். நாயகி மட்டும் அம்மாவின் கையைத் தட்டவே இல்லை.

எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம் என்று மலர்க்கொடிக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். செவ்வாயும் வெள்ளியும் லின்சி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தயிர்சாதத்தை மையப் பிசைந்து பிள்ளைக்குக் கழுத்துவரை ஊட்டிவிடுவாள். லின்சி பழத்தை நீட்டினால் நாயகி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மலர்க்கொடி அடுப்படியில் நின்று கடுகு தாளிப்பாள். அந்த நாட்களில் அவள் தாளிப்பு ஒரு மணம் கூடுதலாகவே இருந்தது.

பொய் எத்தனை நாளைக்கு? ஒரு வெள்ளிக்கிழமை லின்சி கேட்டாள். "அக்கா, இவளுக்குச் சாப்பாடு குடுத்துட்டீங்களா?"

"லேசா குடுத்தேன் டீச்சர்."

நாயகி அந்த நேரம் பார்த்துப் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டாள்.

"போன வாரமும் இதானா? பசி இருந்தாத்தான் கேப்பான்னு சொல்லியிருக்கேனேக்கா."

"எம் புள்ள உங்களுக்காகப் பட்டினி கெடக்கணுமா? பெத்திருந்தாத் தெரியும்."

சொல்லியிருக்கக் கூடாது. லின்சியின் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் அவள் எழுந்து நின்று நிதானமாகவே சொன்னாள். "பெத்தவங்க நீங்கதாங்க, யார் இல்லன்னு சொன்னா? எல்லாத்தையும் கேக்காமயே குடுத்துடுறீங்க. அப்புறம் உங்ககிட்ட அவ எதுக்குக் கேக்கணும்? நாளைக்கு நீங்க ஒரு நாள் இல்லன்னா யார்கிட்டக் கேப்பா?"

"இனிமே வராதீங்க."

"சரிங்க. கூப்பிட்டீங்கன்னா வரேன்."

ஸ்கூட்டி போயிற்று. பீடை ஒழிந்தது என்று மலர்க்கொடி வாசலில் தண்ணீர் தெளித்தாள். இனிமேல் பிள்ளையும் சிரிப்பும் தனக்கே என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. குளிப்பாட்டி, ஊட்டி, டிவி போட்டுவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தாள். நாயகி நாற்காலியிலிருந்து சரிந்து, கையை நீட்டி, அம்மாவின் உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினாள்.

மலர்க்கொடி வெண்டைக்காயைக் கீழே போட்டாள். "எங்கிட்டயா? எங்கிட்டயாடி கேக்குற, என் தங்கமே!" என்று அலறிக்கொண்டு எழுந்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள். நாயகி தள்ளிவிட்டாள். பழத்தைத் துப்பினாள். பிஸ்கட்டைத் தரையில் எறிந்தாள். மலர்க்கொடி பிள்ளையின் பாவாடை நனைந்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. டிவி சேனலை மாற்றினாள், அதுவும் இல்லை. தட்டுவதை மட்டும் பிள்ளை நிறுத்தவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, தன் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று மலர்க்கொடிக்குத் தெரியவில்லை.

தெருவில் யாருடைய வண்டியோ போனது. நாயகியின் உடம்பு முழுவதும் வாசல் பக்கம் திரும்பியது. வண்டி நிற்காமல் போனதும் அவள் முகம் விழுந்துவிட்டது. மறுபடி அம்மாவின் கையைத் தேடிப் பிடித்து, முன்னைவிடப் பலமாகத் தட்டினாள், வாசலைப் பார்த்துக்கொண்டே.

மலர்க்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு கையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, மறு கையால் போனை எடுத்தாள்.

"டீச்சர், நாயகி எங்கிட்டக் கேட்டுட்டா."

"அய்யோ, நெசமாவாக்கா! என்ன கேட்டா?"

நாயகி தட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்களத்தான் கேக்குறா. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு டீச்சர். வண்டிய எடுங்க."