மூத்தாள், இளையாள், ஒரு பொட்டு

ராஜபாளையத்தில் ஐயாதுரையின் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்க்கும் பொன்மணி பாம்புக்குக்கூடப் பயப்படாதவள். பயம் அவளுடைய கம்ப்யூட்டரைக் கண்டுதான். அதில் ஒரே சாஃப்ட்வேர் பழசு ஒன்றும் புதுசு ஒன்றுமாகக் குடியிருந்தது. பேர் ஒன்று, ஐகான் படம் ஒன்று, திறந்தாலும் முகம் ஒன்று. பழசில் செய்த வேலையைப் புதுசில் திறந்தால் தமிழெழுத்தெல்லாம் தேள் கொடுக்காய்ச் சிதறிவிடும். பிரம்மாவே வந்தாலும் ஒட்டவைக்க முடியாது.

"பேர மாத்துனா கோவிச்சுக்கிட்டுத் தெறக்காதும்மா," என்று முதலாளி தடுத்துவிட்டார். ஆகவே பழசுக்கு மூத்தாள், புதுசுக்கு இளையாள் என்று பேச்சுக்குப் பேர் வைத்து, திரையில் மூத்தாளுக்கு மட்டும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். ஆறு வருஷம் சக்களத்திச் சண்டை இல்லை.

ஆயுதபூஜைக்கு முதலாளி மானிட்டரைத் துடைத்தார், ஸ்டிக்கர் போயிற்று. மவுஸுக்குக் குங்குமம் வைக்கையில் அது அமுங்கி இழுபட, படங்கள் இடம் மாறின. பிறகு இரண்டு படத்துக்கும் நேராகச் சந்தனம் வைத்தார்.

"ஒருத்திக்கு வச்சு ஒருத்திக்கு வைக்காட்டா பாவம்லா?"

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் விஜயபாண்டி வந்து நின்றார். அக்காள் மகளுக்குக் காதுகுத்து, அவர் தாய்மாமன். பத்திரிகை போன வாரமே பழசில் தயார்; அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி. நூற்றெழுபது பேரில் முதல் பேர் அவருடையது.

"எம்பேருல ஒரு துணைக்காலு சாஞ்சாலும் பிள்ளைய மடியில வைக்க மாட்டேன். சீரும் வராது."

கெடுத்தால் வேலைக்கு இன்றே கடைசி நாள் என்று முதலாளி கண்ணாலேயே சொன்னார். இடதா, வலதா? பொன்மணி குனிந்து பார்த்தாள்.

மேசைக்கடியில், கம்ப்யூட்டர் பெட்டியில் முதுகைச் சாய்த்து, முதலாளியின் செவிட்டு வெள்ளை நாய் வைரம் தூங்கிக்கொண்டிருந்தது. மூத்தாளைத் திறந்தால் பெட்டி அடுப்பாய்க் காயும்; வைரம் எழுந்துவிடும். இளையாளுக்கு வாலைக்கூட ஆட்டாது.

நாயைப் பார்த்தபடி இடதைத் தட்டினாள். வைரம் குறட்டை விட்டது. மூடினாள். வலதைத் தட்டினாள். பெட்டி மில் சங்காய் ஊதியது. வைரம் எழுந்து, மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலுக்கு நடந்தது.

"என்னம்மா, நாய்கிட்டயா கேக்குற?" என்றார் விஜயபாண்டி.

"செத்த நேரம் பேசாம இருங்கண்ணே."

பத்திரிகையைத் திறந்தாள். ஒரு துணைக்காலும் சாயவில்லை.

விஜயபாண்டி தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வைரத்தின் முன் போய் நின்றார். "ஏம்மா, நூத்தியெழுபத்தொண்ணா இவம்பேரயும் போட்டுரு," என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குக் கீழதான், மறந்துராத."